விலாசம் மாறாத போன்

நின்றுபோன போனில் சத்தம் கேட்கக்கூடாது. திரையில் கடிகாரம் அசையவில்லை, எந்தப் பொத்தானை அமுக்கினாலும் பதில் இல்லை, மூலையில் பச்சை விளக்கு மட்டும் இமைக்காமல் எரிகிறது. அந்த நிலையில் ரிசீவரைக் காதில் வைத்தால் ஒன்றுமே கேட்காமல் இருப்பதுதான் நியாயம். வெர்னா கொஸ்கியின் காதில் ஒரு பெரிய காலி அறை கேட்டது. காலி அறைக்கு என்ன சத்தம் என்று யாராவது கேட்டால், அவர்கள் வீடு மாறும் நாளில் சாமான்களையெல்லாம் ஏற்றிவிட்டு, கதவைப் பூட்டுவதற்கு முன்னால் உள்ளே ஒரு நிமிடம் நின்று பார்த்ததில்லை என்று அர்த்தம். அவள் ரிசீவரைத் திரும்ப வைத்தாள். பசித்தது, கால் வலித்தது, இந்தக் கருமத்தைப் பற்றி யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

"என்ன, மறுபடியும் படுத்துடுச்சா?" என்று கோட்டின் ஜிப்பை இழுத்துக்கொண்டே டூயேன் வந்தான்.

டூயேன் பெல்லாண்டர் அவளுடைய முதலாளி. அவன் அப்பா காலத்திலிருந்தே அவள் அங்கே வேலை பார்ப்பதால், அவன் டயப்பர் கட்டிக்கொண்டு அலுவலகத் தரையில் தவழ்ந்ததையும் பார்த்திருக்கிறாள். ஆகவே மரியாதை கொடுப்பதெல்லாம் அவன்தான்.

"காலைலேர்ந்து இது நாலாவதோ அஞ்சாவதோ," என்றாள்.

"மத்த எல்லார் போனும் ஒழுங்கா வேலை செய்யுது. உங்களோடது மட்டும்தான் இப்படி. கைராசி வெர்னா, கைராசி."

"ஆமா, உன் கைராசிலதான் ஆபீஸ் ஓஹோன்னு ஓடுது."

அவன் சிரித்தான். "நாளைக்குக் காலைல ஆல்ட்ரிச் வீட்டுப் பத்திரம் முடியணும். பேங்க்காரன் உங்க நம்பர்லதான் கூப்பிடுவான். போன் கம்பெனில பேசி இன்னைக்கே ஒரு வழி பண்ணிடுங்களேன். நானே இருந்திருப்பேன், ஆனா பனி கொட்டுச்சுன்னா மேட்டு ரோட்ட மூடிடுவாங்க, வீட்ல பசங்க தனியா இருக்குங்க."

"போ போ. நான் பாத்துக்கறேன்."

கதவுவரை போனவன் திரும்பினான். "மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்டா. கிளம்பு."

வீடு வாங்குகிறவர்களுக்கு வில்லங்கம் பார்த்துச் சொல்லும் அலுவலகம் அது. யார் பெயரில் இருக்கிறது, எவன் அடமானம் வைத்தான், பக்கத்து வீட்டுக்காரனுக்கு நடைபாதை உரிமை உண்டா என்று பழைய பத்திரங்களைத் தோண்டித் துருவுவார்கள். அந்த ஊரில் எந்தக் கதவு எண்ணைச் சொன்னாலும் வெர்னாவுக்கு அதன் வரலாறு தெரியும். வசந்தத்தில்தான் அலுவலகம் ஏரிக்கரையை ஒட்டிய துறைமுகத் தெருவிலிருந்து மேட்டுப் பக்கம் ஸ்ப்ரூஸ் தெருவுக்கு, ஒரு செருப்புக்கடையின் மாடிக்கு, வந்திருந்தது. மணியைப் பார்த்தால் சாயங்காலம்தான். ஆனால் டிசம்பரில் சுப்பீரியர் ஏரிக்கரையில் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. மத்தியானம் முடிந்தால் இருட்டு.

டூயேனின் கார் போய்விட்ட பிறகு அவள் மதியம் மிச்சம் வைத்த பேஸ்டியை எடுத்தாள். ஆறிப்போன மாவும் கறியும் உருளைக்கிழங்கும் தொண்டையில் அடைத்தன. மென்றுகொண்டே செல்போனில் போன் கம்பெனியை அழைத்து, அவர்கள் போட்ட பாட்டை அரைமணி நேரம் கேட்டாள். ஒருவழியாக ஒரு பையன் வந்தான். பெயர் கோர்டெல், அலபாமாவில் எங்கோ உட்கார்ந்திருக்கிறானாம்.

"அங்க பனியா மேடம்? இங்க நாங்க ஏசி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம்."

"வயித்தெரிச்சலைக் கிளப்பாம போனைப் பாருப்பா."

"பாத்துடலாம். பின்னாடி ஒரு ஒயர் போகுதுல்ல? கரண்டும் அதுலதான் வருது. அதைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, திருப்பிச் செருகுங்க."

அவள் குனிந்து பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. செருகினாள். போன் உயிர் பெற்று, கம்பெனியின் சின்னத்தைக் காட்டி, கடிகாரத்தைக் காட்டி, நல்ல பிள்ளையாக ஒரு நிமிடம் ஓடி, மறுபடியும் நின்றது.

"நின்னுடுச்சு."

"ம். எனக்கும் தெரியுது. கொஞ்சம் இருங்க மேடம், லாக்ல என்ன பதிவாயிருக்குன்னு பாக்கறேன்."

அவன் தட்டச்சு செய்யும் சத்தத்தை ஒரு காதில் கேட்டபடி, ஏன் என்று தெரியாமலே, மேசைப் போனின் ரிசீவரை எடுத்து மறு காதில் வைத்தாள். அதே காலி அறை. இந்தமுறை அதற்குள் இன்னொன்றும் கேட்டது: இரும்பில் சுத்தியால் தட்டினது போல் இரண்டு தட்டு, சிறு இடைவெளி, பிறகு குழாய்க்குள் நீராவி நெளிந்து போகும் ஒரு நீளமான சீறல், முடிவில் தொண்டையைச் செருமுவது போல் ஒரு சின்ன முனகல். அவளுக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. துறைமுகத் தெரு அலுவலகத்தில் அவள் மேசைக்குப் பக்கத்தில் இருந்த பழைய ரேடியேட்டர். எத்தனையோ குளிர்காலம் அதன்மேல் ஈரக் கையுறைகளைக் காயப்போட்டிருக்கிறாள். ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் ஒரு முனகல் உண்டு, அது வேறு எதற்கும் வராது. புது அலுவலகத்தில் ரேடியேட்டரே இல்லை, கூரையிலிருந்து சூடான காற்று ஊதும். பழைய கட்டடத்தை அக்டோபரில் இடித்து, கல்லெல்லாம் அள்ளிப்போய், இப்போது அங்கே ஜல்லி கொட்டி கார் நிறுத்துகிறார்கள்.

அவள் ரிசீவரைப் பொத்தென்று வைத்தாள். மார்பில் தையல் போட்ட இடத்துக்குக் கீழே இதயம் இடறியது. களைப்புதான் என்று சொல்லிக்கொண்டாள். டாக்டரும் அதைத்தான் சொல்லியிருந்தார்: ஆறு மாசம் இப்படித்தான் இருக்கும், காதில் இரையும், தலை சுற்றும், பயந்துவிடாதீர்கள்.

"மேடம், இன்னொரு தடவை பிடுங்கிச் செருகுங்க. எந்த இடத்துல நிக்குதுன்னு பாக்கணும்."

செருகினாள். ஓடியது. நின்றது.

"ஆங், பிடிச்சுட்டேன்," என்றான் கோர்டெல், சந்தோஷமாக. "உங்க ஆபீஸ்ல மத்த போன் எல்லாம் ஸ்ப்ரூஸ் தெரு விலாசத்துல இருக்கு. உங்களோடது மட்டும் துறைமுகத் தெருன்னே சொல்லுது."

"என்ன விலாசம்?"

"அவசரத்துக்கு 911 அடிச்சா எங்க வரணும்ங்கிற விலாசம். இன்டர்நெட் போனுக்குத் தான் எங்க இருக்கோம்னு தானாத் தெரியாது மேடம், நாம எழுதிக் குடுக்கணும். செப்டம்பர் கடைசில உங்க ஆபீஸ்லேர்ந்து எல்லாத்தையும் மாத்தச் சொல்லியிருக்காங்க. அப்பலேர்ந்து சர்வர் புது விலாசத்தை அனுப்பிக்கிட்டே இருக்கு. உங்க போன் வாங்க மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் அது வந்து சேர்ற நேரத்துலதான் நின்னுபோகுது. இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல."

செப்டம்பர் என்ற சொல்லை அந்த அலுவலகத்தில் யாரும் அவள் காதுபட உச்சரிப்பதில்லை.

அன்றும் எல்லோரும் போன பிறகுதான். இடது தோளில் ஆரம்பித்த வலி தாடைவரை ஏறி, மார்புமேல் ஒரு பீரோவைச் சாய்த்தது. இதே போனில் 911 அடித்தாள். மணி அடித்தது, ஒரு பெண் குரல் என்ன அவசரம் என்று கேட்டது, வெர்னாவால் வாயைத் திறக்க முடியவில்லை. ரிசீவர் கையில் இருக்க, மேசைக்குக் கீழே விழுந்தாள். மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்க டூயேன் திரும்பி வந்திராவிட்டால் கதை அன்றே முடிந்திருக்கும். அவன் அவளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். அங்கே மார்பைப் பிளந்து தைத்தார்கள்.

ஆம்புலன்ஸ் துறைமுகத் தெருவுக்குப் போனது. அலுவலகம் மாறியபோது டூயேன் பில் வரும் விலாசத்தை மாற்றினான், கடிதம் வரும் விலாசத்தை மாற்றினான், பெயர்ப்பலகையை மாற்றினான். போனுக்கென்று தனியாக ஒரு விலாசம் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஊரிலுள்ள அத்தனை விலாசத்தையும் சரிபார்க்கும் அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, வெர்னா உட்பட. இடிப்பதற்காகக் கதவைக் கழற்றி வைத்திருந்த கட்டடம். அழைத்தவர் பேசாமல் கிடந்தால் உள்ளே போய்த் தேடித்தான் ஆகவேண்டும். எம்மெட் நைலண்ட் போனான். டயர் கடையில் வேலை, மற்ற நேரத்தில் ஆம்புலன்ஸுக்குத் தொண்டு. கல்யாணம் ஆகாதவன். மாடியில், அவள் மேசை இருந்த இடத்துக்குப் பக்கத்தில், தரைப்பலகையையும் அதற்கு நேர் கீழே இருந்த தளத்தையும் பெயர்த்து எடுத்திருந்தார்கள். இருட்டில் அது அவனுக்குத் தெரியவில்லை. மாடியிலிருந்து நேரே நிலவறைக்கு. கழுத்து முறிந்து, அங்கேயே போய்விட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவன் அம்மாவைப் பார்க்கப் போனாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று போனாள். அந்த அம்மா காபி போட்டுக் கொடுத்து, அவள் கையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நீங்க பொழச்சதுல சந்தோஷம்மா. உங்களக் கண்டுபிடிக்க முடியலையேன்னுதான் அவன் வருத்தப்பட்டிருப்பான். எடுத்த வேலையைப் பாதில விடற பையன் இல்ல."

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

மேசைப் போன் நின்றபடியே இருந்தது. ரிசீவர் தன் இடத்தில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. ஆனாலும் ஸ்பீக்கர் பொத்தானில் சிவப்பு வெளிச்சம் வந்திருந்தது, அந்தக் காலி அறை இப்போது மேசைமேல் பரவிக்கொண்டிருந்தது: ரேடியேட்டரின் சீறல், உடைந்த ஜன்னலில் ஏரிக்காற்று, எங்கோ ஒரு தாள் சுவரில் படபடப்பது, பிறகு பலகைமேல் கனமான பூட்ஸ் கால்கள், நாலைந்து எட்டு வைத்து நிற்பதும், திரும்புவதும், மறுபடி நடப்பதுமாக.

"ஆம்புலன்ஸ்!" என்றது ஒரு குரல். இளைஞன். மூச்சு வாங்கியது. "யாராவது இருக்கீங்களா?"

வெர்னாவின் கையிலிருந்த பேஸ்டித் துண்டு தாளில் விழுந்தது.

"மேடம், அங்க ஆளுங்க இருக்காங்களா?" என்று செல்போனில் கோர்டெல் கேட்டான். "யாரோ உங்களத் தேடற மாதிரி இருக்கே."

"உனக்குக் கேக்குதா?"

"கேக்குதே. பதில் சொல்லுங்க, பாவம், கத்தறாரு."

அவளுக்கு அழுகை வந்தது. பயத்தைவிட முதலில் வந்தது அதுதான். இவ்வளவு நாளும் தன் காதுதான் இரைகிறது என்று இருந்துவிட்டாள். இடித்துத் தள்ளி ஜல்லி கொட்டிய ஒரு கட்டடத்தில், இல்லாத மாடியில், இல்லாத ரேடியேட்டருக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை இத்தனை மாதமாக அறை அறையாகத் தேடிக்கொண்டிருக்கிறான்.

"மேடம், எங்க இருக்கீங்க?" என்றது ஸ்பீக்கர். குரலில் அத்தனை களைப்பு. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த களைப்பு. "எங்கன்னு மட்டும் சொல்லுங்க. வந்துடறேன்."

கால் தவறும் சத்தம், எங்கோ ஆழத்தில் ஒரு மோதல். பிறகு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும், படியிலிருந்து, பூட்ஸ் கால்கள்.

கோர்டெல் தொண்டையைச் செருமினான். "இந்தப் போன் சரிப்படாது மேடம். வேற போன் அனுப்பிடறேன், ரெண்டு நாள்ல வந்துடும். இதைப் பிடுங்கித் தூக்கிப் போட்டுட்டு நீங்க வீட்டுக்குப் போங்க."

போயிருக்கலாம். கோட்டு நாற்காலியில்தான் கிடந்தது, கார்ச் சாவி பையில் இருந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டால் அவளுக்குக் கேட்காது, அவ்வளவுதான். அவன் தேடுவது நிற்குமா? தன் தப்பால் செத்தவனைத் தன் காதிலிருந்து மட்டும் துடைத்துவிட்டு எப்படித் தூங்குவது? விலாசம் சரியாகிவிட்டால் அங்கே தேட ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரியும். போய் ஓய்ந்து படுப்பான். அவளும் படுப்பாள். அப்படித்தான் நினைத்தாள். களைத்துப்போன மனசுக்கு அதற்குமேல் ஓடாது.

"வேண்டாம்ப்பா," என்றாள். "மாத்திடு. எப்படியாவது மாத்திடு."

"அப்ப உள்ள இருக்கற எல்லாத்தையும் அழிக்கணும். புதுசா வாங்கின மாதிரி ஆகிடும். பரவாயில்லையா?"

"அழி."

அவன் சொன்ன பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒயரைச் செருகினாள். திரை வெளுத்தது, கறுத்தது, வெளுத்தது. போன் அவள் கைக்குக் கீழே சூடேறியது. ஒரு தடவை தானாக அணைந்தது. மறுபடி பிடித்தாள். இன்னொரு தடவை அணைந்தது. அவள் விடவில்லை. மூன்றாவது முறை அடங்கிப்போய் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.

"வந்துடுச்சு!" என்றான் கோர்டெல். "ஸ்ப்ரூஸ் தெரு விலாசத்தைப் போடறேன். எந்த மாடி, எந்தப் பக்கம்னும் சொல்லிடுங்க மேடம். வர்றவங்க அலையக்கூடாதுல்ல."

"முதல் மாடி," என்றாள். "படி ஏறினதும் இடது பக்கம். கடைசி மேசை."

"இடது பக்கம், கடைசி மேசை. ஏத்துக்கிச்சு. ஒரு சோதனை நம்பர் தர்றேன், அடிச்சுப் பாருங்க."

அடித்தாள். ஒரு இயந்திரக் குரல் ஸ்ப்ரூஸ் தெருவையும், மாடியையும், இடது பக்கத்தையும், கடைசி மேசையையும் நிதானமாக வாசித்தது. கடிகாரம் ஓடியது. பொத்தான்கள் கேட்டதைச் செய்தன.

"முடிஞ்சுது. இனிமே நிக்காது. பனில பாத்துப் போங்க மேடம்."

"நல்லா இரு."

ரிசீவரை எடுத்துப் பார்த்தாள். டயல் ஒலி மட்டும். ரேடியேட்டர் இல்லை. காற்று இல்லை. அவள் நீளமாக மூச்சு விட்டாள். செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவையாக மார்புக்குள் இடம் இருந்தது. பேஸ்டியைத் தாளில் சுற்றிக் குப்பையில் போட்டாள். கோட்டில் ஒரு கையை நுழைத்தாள்.

டயல் ஒலி நின்றது.

ரிசீவர் இன்னும் அவள் மற்றக் கையில்தான் இருந்தது. போன் நிற்கவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே யாரோ மூச்சு வாங்கினார்கள். நடந்து வருகிற மூச்சு. பனியில் பூட்ஸ் புதைகிற சத்தம். பிறகு ஒரு கதவு.

கீழே செருப்புக்கடைப் பக்கக் கதவு திறந்தது.

ரிசீவரில் ஒருமுறை. படியிலிருந்து ஒருமுறை. இரண்டும் ஒரே சத்தம்.

"டூயேன்?" என்றாள்.

படி ஏறும் கால்கள். கனமானவை. ஆள் நடமாடினால் தானாக எரியும் படிக்கட்டு விளக்கு எரியவில்லை. வாசம் முதலில் வந்தது: சுண்ணாம்புத் தூசி, ஈர மரம், பல காலம் மூடிக்கிடந்த நிலவறை. படி முடிந்தது. கால்கள் நின்றன.

இடது பக்கம் திரும்பின.

ரப்பர் கையுறை மரத்தைத் தடவும் சத்தம். முதல் மேசை. அவன் கண்ணால் தேடவில்லை. தேட முடியாது. தலை ஒரு பக்கமாகப் பின்னால் தொங்கியது, முகம் தான் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தது. கைகள்தான் தேடின. நாற்காலி. இன்னொரு மேசை. மேசைக்குக் கீழே குனிந்து, தரையைத் துழாவி, எழுந்து, அடுத்தது.

"தம்பி," என்றாள். குரல் கிழிந்து வந்தது. "எனக்கு ஒண்ணுமில்லப்பா. நான் பொழச்சுட்டேன். எல்லாம் சரியாயிடுச்சு. நீ போ. போய்ப் படு."

கைகள் நின்றன. குரல் வந்த பக்கம் திரும்பின.

அவள் பின்னால் நகர்ந்தாள். சுவர். கோட்டின் ஒரு கை மாட்டியும் மாட்டாமலும். கால் ஒயரில் சிக்கியது. விழுந்தாள்.

குளிர்ந்த விரல்கள் அவள் கணுக்காலைத் தொட்டன. முழங்காலைத் தொட்டன. தோளைத் தொட்டு, கழுத்தோரம் நாடி பார்த்தன. அவள் நாடி தறிகெட்டு அடித்தது. அந்த விரல்களுக்கு அது தெரியவில்லை.

"மூச்சு இல்ல," என்றான் அவன்.

"இருக்கு! இருக்குப்பா! பாரு, பேசறேன் பாரு!"

மேசை ஓரத்தில் தொங்கிய ரிசீவரிலிருந்து அதே குரல், நிம்மதியோடு, யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது. "ஆள் கிடைச்சுட்டாங்க. ஆரம்பிக்கறேன்."

அவளை இழுத்து மல்லாக்கப் படுக்கவைத்தான். மிகவும் மென்மையாக. தலைக்குக் கீழே அவள் கோட்டையே கழற்றி, மடித்து வைத்தான். பக்கத்தில் மண்டியிட்டான். தையல் போட்ட இடத்தின்மேல் ஒரு உள்ளங்கையை வைத்து, அதன்மேல் மற்றதை வைத்து, விரல்களைக் கோத்துக்கொண்டான். முழங்கைகள் நேராயின. தலை பின்னால் தொங்க, தன் எடை முழுவதையும் கைகளுக்குக் கொடுத்து, அவன் அமுக்க ஆரம்பித்தான்.